மூட்டில்லாத மான் சாய்ந்த மரம்

கி.மு. 53-ல் ஜூலியஸ் சீசர் ரைன் நதிமேல் இரண்டாம் முறையாகப் பாலம் கட்டினார். ஸ்வேபி என்ற ஜெர்மானிய இனக்குழுவை அடக்குவது நோக்கம். ரோமானியப் படை அக்கரை போனபோது ஸ்வேபிகள் அங்கே இல்லை. தங்கள் எல்லையின் கடைக்கோடிக்கு, ஒரு பெருங்காட்டின் வாசலுக்குப் பின்வாங்கி, அங்கே காத்திருந்தார்கள். சீசர் அவர்களைப் பின்தொடரவில்லை. அந்தப் பக்கம் விவசாயம் குறைவு, படைக்குத் தானியம் கிடைக்காது என்று காரணம் சொல்லித் திரும்பிவிட்டார். போன வேகம், வந்த வேகம். அவ்வளவுதான் அந்தப் படையெடுப்பு.

தன் போர்க்குறிப்புகளில் சீசர் இதை எழுதியிருக்கும் விதம் சுவாரசியமானது. அக்கரை போன செய்திக்கும் திரும்பிய செய்திக்கும் நடுவில், கதையை நிறுத்திவிட்டு, கால் மக்களின் பழக்கவழக்கம், ஜெர்மானியரின் பழக்கவழக்கம் என்று நீளமாகப் பேசுகிறார். கடைசியில் ஹெர்சீனியக் காட்டுக்கு வருகிறார். அதன் அகலம் சுமையில்லாமல் நடப்பவனுக்கு ஒன்பது நாள் பயணமாம். நீளத்துக்கு அளவே இல்லை. அறுபது நாள் நடந்தும் மறுமுனையைப் பார்த்தேன் என்று சொல்லக்கூடியவன் ஒருவனும் இல்லையாம். அந்தக் காட்டில் வேறெங்கும் காணாத மிருகங்கள் உண்டு என்று சொல்லி மூன்றை விவரிக்கிறார்.

முதலாவது, மான் வடிவத்தில் ஒரு மாடு. நெற்றி நடுவே ஒரே கொம்பு, நுனியில் விரித்த கைபோலக் கிளை பரப்பியிருக்கும். இரண்டாவது, ஆல்சே. ஆடு மாதிரி இருக்கும், ஆட்டைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் கால்களில் மூட்டே கிடையாது. படுத்தால் எழ முடியாது, அதனால் மரத்தில் சாய்ந்தபடிதான் தூங்கும். வேடர்கள் காலடித் தடம் பார்த்து அது சாயும் மரங்களைக் கண்டுபிடித்து, அடியை அறுத்து, நிற்பதுபோல விட்டுவைப்பார்கள். ராத்திரி ஆல்சே வந்து சாயும். மரமும் விழும், மிருகமும் விழும். மூன்றாவது, ஊருஸ். யானையைவிடச் சற்றுச் சிறிய காளை. மனிதனைக் கண்டாலும் மிருகத்தைக் கண்டாலும் விடாது. குட்டியிலேயே பிடித்தாலும் பழகாது.

இந்தப் பகுதியைச் சீசரே எழுதவில்லை, பிறகு யாரோ செருகியது என்று வாதிடும் அறிஞர்கள் உண்டு. யார் எழுதியிருந்தாலும், அது வைக்கப்பட்டிருக்கும் இடம்தான் என்னை உறுத்துகிறது. தளபதி உள்ளே போகாத காடு அது. மிருகங்கள் வந்து நின்றது சரியாக அந்த இடத்தில். உள்ளே போயிருந்தால் பாதையும் ஊரும் ஆற்றுத்துறையும் கண்ணில் பட்டிருக்கும். போகாததால் ஒற்றைக் கொம்பும் மூட்டில்லாத காலும் கிடைத்தன.

நாம் இன்று படிக்கும் மிகுபுனைவுகளில் வரும் மாயக்காடுகள் எல்லாவற்றுக்கும் தூரத்துப் பாட்டன் இந்த ஹெர்சீனியக் காடு என்று நினைக்கிறேன். பேசும் மரங்கள், ராட்சத சிலந்திகள், தொட்டால் உறங்கவைக்கும் ஓடைகள் எல்லாம் பின்னால் வந்து குடியேறியவை. ஆனால் காட்டின் அமைப்பு அப்போதே தயார். முடிவில்லாதது, இருண்டது, விசித்திர உயிர்கள் நிறைந்தது, முக்கியமாக, மனிதர் இல்லாதது. இந்தக் கடைசிக் குணம் எங்கிருந்து வந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்பதுதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் சீசரின் வாசகத்தையே திரும்பப் படிப்போம். மூட்டில்லாத மிருகத்தைப் பிடிக்க மரத்தை அறுத்துவைக்கும் வேடர்கள் யார்? ஊருஸைக் குழி வெட்டிப் பிடிக்கும் இளைஞர்கள் யார்? அதன் கொம்புகளைச் சேர்த்து, விளிம்பில் வெள்ளிப்பூண் கட்டி, விருந்தில் மது குடிக்கும் கிண்ணமாக வைத்துக்கொண்டார்கள் என்றும் சீசர் சொல்கிறார். ஆக, காட்டுக்குள் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். தடம் தெரிந்தவர்கள், குழி வெட்டத் தெரிந்தவர்கள். வெளியே நின்றவனுக்கு அது விசித்திரம். உள்ளே இருந்தவனுக்கு அது சாப்பாடு, விருந்துப் பாத்திரம், ஊரில் சொல்லிக்கொள்ளும் பெருமை.

மிருகங்களும் முழுப் பொய்யல்ல. ஆல்சே என்பது ஐரோப்பாவில் எல்க் என்றும் அமெரிக்காவில் மூஸ் என்றும் அழைக்கப்படும் நெடுங்கால் மான். அதற்கு மூட்டு இருக்கிறது, தாராளமாகப் படுத்து எழும். யானைக்கும் இதே கதையை ஐரோப்பியர்கள் நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். யானைக்கு முழங்கால் மடங்காது, மரத்தில் சாய்ந்து தூங்கும், மரத்தை அறுத்துவைத்தால் விழுந்துவிடும் என்று இடைக்கால விலங்கு நூல்களில் இருக்கிறது. கோயில் வாசலில் யானை மண்டியிடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்குச் சிரிப்புத்தான் வரும். ஊருஸ் மட்டும் கிட்டத்தட்ட உண்மை. ஆரக்ஸ் என்னும் காட்டு மாடு அது. பெரிய காளை தோள் உயரத்தில் ஆறடிக்குப் பக்கம் இருந்தது. இன்றைய வீட்டு மாடுகளுக்கெல்லாம் மூதாதை. அது 1627-ல் பூமியிலிருந்து இல்லாமல் போனது. அந்தக் கதை ஒன்று இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

சீசருக்குப் பின் வந்தவர்கள் கதையை வளர்த்தார்கள். மூத்த பிளினி ஜெர்மானிய எல்லையில் படையில் பணியாற்றியவர். அவர் ஹெர்சீனியக் காட்டில் இரவில் நெருப்புபோல ஒளிரும் இறகுள்ள பறவைகளைச் சேர்த்தார். அங்கே ஓக் மரங்களின் வேர்கள் மண்ணைத் தூக்கிக் குன்றாக்கும், ஒன்றோடொன்று மோதி வளைந்து, குதிரைப்படை நுழையும் அளவுக்குத் தோரணவாயிலாக நிற்கும் என்றார். கி.பி. 9-ல் டியூட்டோபர்க் காட்டுப் பகுதியில் வாரஸ் என்ற தளபதியின் மூன்று ரோமானிய லீஜியன்கள் அழிந்தன. அதோடு அந்தக் காடு ரோமானிய மனத்தில் நிரந்தரமான பீதியானது. கி.பி. 98-ல் டாசிட்டஸ் ஜெர்மானியாவை முட்காடும் அழுகிய சதுப்பும் நிறைந்த நாடாக எழுதினார். செம்னோன்கள் என்ற இனக்குழுவின் புனிதத் தோப்பு ஒன்றைப் பற்றியும் சொல்கிறார். கயிற்றால் கட்டுண்டவனாகத்தான் அதற்குள் போகலாம். தவறி விழுந்தால் எழுந்து நிற்கக் கூடாது. தரையில் உருண்டேதான் வெளியே வர வேண்டும். காடு தெய்வத்துக்குரியது, நீ கீழ்ப்படிந்தவன் என்று உடம்புக்கே சொல்லிக்கொடுக்கும் வழக்கம்.

ஆனால் தொல்லியல் காட்டும் ஜெர்மானியா வேறு. வயல், மேய்ச்சல் நிலம், நீண்ட வீடுகள் கொண்ட கிராமங்கள், நடுநடுவே காடு. டாசிட்டஸ் ஜெர்மானியாவுக்குப் போனதாக எந்தச் சான்றும் இல்லை. அவர் எழுதியது ரோமிலிருந்து பார்த்த காடு.

*

காட்டுக்குள் இருப்பவர்கள் காட்டைப் பற்றிக் கதை சொல்லமாட்டார்களா என்றால், சொல்வார்கள். என் அப்பத்தா சொல்லுவார். எங்கள் ஊருக்கு மேற்கே கொஞ்சம் புதர்க்காடு இருந்தது. "பொழுது சாஞ்சா அந்தப் பக்கம் போகாத, முனி அடிச்சிரும்" என்பார். மறுநாள் காலையில் சும்மாட்டைச் சுருட்டிக்கொண்டு அதே காட்டுக்குச் சுள்ளி பொறுக்கப் போவார். "முனி இருக்குனு சொன்னீகளே அப்பத்தா?" என்று ஒருமுறை கேட்டேன். "பகல்ல அது நமக்கு. பொழுது சாஞ்சா அவுகளுக்கு" என்றார். அவருக்கு அதில் எந்த முரணும் இல்லை.

அந்தக் கதை காட்டைக் காலி செய்யவில்லை, பங்குபோட்டது. எந்நேரம் போகலாம், எவ்வளவு எடுக்கலாம், எங்கே நிற்கவேண்டும் என்ற ஒழுங்கு அதற்குள் இருந்தது. செம்னோன்களின் தோப்பும் எனக்கு அந்த வகையாகத்தான் படுகிறது. விளிம்பில் நின்று சொல்லும் கதை வேறு வகை. அதில் காடு எல்லையில்லாதது, ஆளில்லாதது. ஆளில்லாதது என்றால் அடுத்த வார்த்தை என்ன? யாருக்கும் சொந்தமில்லாதது. அதற்கும் அடுத்தது? எனக்குச் சொந்தமாக்கலாம்.

*

வடக்கத்திய ஐரோப்பாவின் பழங்கதைகளில் மிர்க்வித்ர் என்று ஒரு காடு வருகிறது. இருண்ட காடு என்று பொருள். ஒரு கதையில் அது ஹூணர்களுக்கும் கோத்களுக்கும் இடையே எல்லையாக நிற்கும். வீரர்கள் அதைக் கடந்து மரணத்துக்குப் போவார்கள். இந்தப் பெயருக்கு வரைபடத்தில் ஓர் இடமும் உண்டு. 11-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மெர்சபர்க் பிஷப் தீட்மார் எழுதிய வரலாற்றில், இன்று ஜெர்மனிக்கும் செக் நாட்டுக்கும் நடுவில் இருக்கும் மலைக்காட்டை மிரிக்விதுயி என்று குறிப்பிடுகிறார். அதே இருண்ட காடு.

அந்த மலைத்தொடரின் இன்றைய பெயர் எர்ட்ஸ்கெபிர்கே. தாதுமலை என்று தமிழில் சொல்லலாம். 1168-ல் அதன் வடக்குச் சரிவில் வெள்ளி கிடைத்தது. ஃப்ரைபர்க் நகரம் எழுந்தது. சுரங்கத்துக்கு முட்டுக்கொடுக்க மரம் வேண்டும், தாது உருக்கக் கரி வேண்டும். இருண்ட காடு சுரங்கத்துக்குள்ளும் உலைக்குள்ளும் இறங்கத் தொடங்கியது. ஐந்நூற்றுச் சொச்சம் ஆண்டுகளில் ஃப்ரைபர்க் சுரங்க நிர்வாகத்துக்கு மரப் பஞ்சம் வந்துவிட்டது. 1713-ல் அந்த நிர்வாகத்தின் தலைவர் ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் ஒரு புத்தகம் வெளியிட்டார். வளர்கிற அளவுக்குத்தான் வெட்ட வேண்டும், வெட்டியதற்கு ஈடாக நட வேண்டும் என்பது அதன் சாரம். இன்று நாம் எதற்கெடுத்தாலும் சொல்லும் 'நீடித்த பயன்பாடு' என்ற கருத்து காட்டியலில் வேர்விட்டது அங்கேதான்.

நல்ல யோசனைதானே? நல்ல யோசனைதான். ஆனால் அதை நடைமுறைப்படுத்தக் காட்டை எண்ண வேண்டும். 18-ஆம் நூற்றாண்டில் யோஹான் காட்லீப் பெக்மன் என்ற ஜெர்மானிய வனவியலாளர் சொன்ன முறை எனக்கு மிகவும் பிடித்தது. ஆட்களிடம் வெவ்வேறு நிற ஆணிகளை எண்ணிக் கொடுப்பார்கள். ஒவ்வொரு நிறமும் மரத்தின் ஓர் அளவுக்கு. அவர்கள் வரிசையாக நடந்துபோய் ஒவ்வொரு மரத்திலும் அதன் அளவுக்கேற்ற ஆணியை அடிப்பார்கள். மாலையில் மிச்ச ஆணிகளை எண்ணிக் கழித்தால் காட்டின் கணக்கு வந்துவிடும். ஒற்றைக் கொம்பு மாட்டுக்கும் ஒளிரும் பறவைக்கும் எந்த நிறத்தில் ஆணி? புதருக்கும் காளானுக்கும் மூலிகைக்கும் எந்த ஆணி? கணக்கில் வராதது காடாக இல்லாமல் போனது. கலப்புக் காடுகளை வெட்டிவிட்டு ஸ்ப்ரூஸ் மரங்களை வரிசையாக நட்டார்கள். ஒரே வயது, ஒரே இனம், நேர்க்கோடு. 1980-களில் அந்த மலைகளில் பழுப்பு நிலக்கரிப் புகையின் கந்தகத்தில் ஸ்ப்ரூஸ் காடுகள் சரிவு சரிவாகப் பட்டுப்போயின.

*

காடு கணக்குப் புத்தகத்துக்குள் போய்க்கொண்டிருந்த அதே காலத்தில்தான் அது கதைப் புத்தகத்துக்குள்ளும் போனது. கிரிம் சகோதரர்களின் கதைத்தொகுப்பு முதல் பகுதி 1812-ல் வந்தது. 1813 முதல் 1816 வரை அவர்கள் நடத்திய இதழின் பெயரே 'பழைய ஜெர்மன் காடுகள்'. அப்போது நெப்போலியனின் ஆதிக்கத்தில் இருந்த நாடு. தங்கள் மக்களின் ஆதி ஆன்மா காட்டுக்குள் பத்திரமாக இருக்கிறது என்று நம்ப அவர்களுக்குத் தேவை இருந்தது.

ஆனால் அந்தக் கதைகளைத் திறந்து பாருங்கள். ஹான்சலும் கிரேட்டலும் காட்டுக்குள் தொலைவது மாயத்தாலா? இல்லை. அப்பா ஒரு விறகுவெட்டி, வீட்டில் ரொட்டி இல்லை, அதனால் பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடுகிறார்கள். முதல் பதிப்பில் அதற்கு அப்பாவைத் தூண்டுபவள் பெற்ற தாய். பின்னர்தான் அவளைச் சிற்றன்னையாக மாற்றினார்கள். பசியைத் தாங்கமுடியாத தாய் என்பதைவிடக் கொடுமைக்காரச் சித்தி என்பது வாசகருக்கு எளிது. காட்டோரம் குடியிருந்து, காட்டு வேலையே செய்யும் குடும்பத்தில் ஏன் சாப்பாடு இல்லை என்ற கேள்வி கதைக்குள் எழுவதில்லை.

கேள்விக்குப் பதில் நீதிமன்றங்களில் கிடந்தது. 1836-ல் பிரஷ்யாவில் தொடரப்பட்ட சுமார் 2,07,000 குற்றவழக்குகளில் ஏறத்தாழ 1,50,000 விறகுத் திருட்டும் பிற வனக்குற்றங்களும். நான்கில் மூன்று பங்குக்குப் பக்கம். தலைமுறை தலைமுறையாகச் சுள்ளி பொறுக்கியவர்கள், பன்றி மேய்த்தவர்கள், காட்டுப்பழம் பறித்தவர்கள் திடீரென்று திருடர்களானார்கள். 1842-ல் ரைன் மாகாண சபை, தரையில் உதிர்ந்து கிடக்கும் சுள்ளியை எடுப்பதையும் திருட்டு என்று ஆக்க முனைந்ததை விவாதித்து ஓர் இளம் பத்திரிகையாளர் தொடர் கட்டுரை எழுதினார். மரத்திலிருந்து உதிர்ந்த சுள்ளிக்கும் மரத்தின் சொந்தக்காரனுக்கும் என்ன சம்பந்தம், பாம்பு உரித்துப்போட்ட சட்டைக்கும் பாம்புக்கும் உள்ள சம்பந்தம்தான் என்ற பொருளில் வாதாடினார். கார்ல் மார்க்ஸ் என்பது அவர் பெயர். பொருளாதாரக் கேள்விகளின் பக்கம் தன்னைத் திருப்பியவற்றில் இந்த விவகாரமும் ஒன்று என்று பின்னால் அவரே சொன்னார்.

காட்டு நடுவே அடுப்போடு தனியாக வாழும் கிழவியைக் கதை சூனியக்காரி என்கிறது. அதே கிழவி மடியில் சுள்ளியோடு வனக்காவலனிடம் அகப்பட்டால் வழக்கேடு திருடி என்கிறது. இரண்டிலும் அவள் அங்கே இருக்கக்கூடாதவள். எனக்கு அப்பத்தாவின் சும்மாடு ஞாபகம் வருகிறது.

ஞாபகம் வருவதற்குக் காரணம் உறவுப்பாசம் மட்டுமல்ல. அந்த ஜெர்மன் காட்டியல் கப்பலேறி நம்மிடமும் வந்தது. பான் நகரில் 1824-ல் பிறந்த தாவரவியலாளர் டீட்ரிக் பிராண்டிஸ் 1856-ல் பர்மாவின் தேக்குக் காடுகளைப் பார்த்துக்கொள்ள நியமிக்கப்பட்டார். 1864-ல் இந்தியாவின் முதல் வனத்துறைத் தலைமை ஆய்வாளரானார். அவருக்குப் பின் அந்தப் பதவிக்கு வந்த ஷ்லிக், ரிபன்ட்ராப் இருவரும் ஜெர்மானியர்களே. 1878-ல் இந்திய வனச்சட்டம், 1882-ல் மதராஸ் வனச்சட்டம். 'ரிசர்வ் ஃபாரஸ்ட்' என்ற சொல் நம் ஊர்ப் பேச்சில் புகுந்தது இப்படித்தான். 1878 சட்டத்தின் போக்கைச் சென்னை அரசாங்கமே எதிர்த்தது. கிராமத்தார் காட்டைப் பயன்படுத்துவது சலுகை அல்ல, உரிமை என்பது அதன் வாதம். பிராண்டிஸும் கிராமங்களுக்கென்று தனிக் காடுகள் வேண்டும் என்ற கட்சிதான். இருவர் பேச்சும் முழுதாக எடுபடவில்லை. காட்டில் வாழ்பவர்களுக்கு வரலாற்று அநீதி நடந்தது என்று ஒரு சட்டம் ஒப்புக்கொள்ள 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

*

மாயக்காட்டு மோகம் அதன் முழு உருவத்தையும் காட்டியது 20-ஆம் நூற்றாண்டில். ஜெர்மனியில் லுட்ஸ் ஹெக், ஹைன்ஸ் ஹெக் என்று இரு சகோதரர்கள், இருவரும் மிருகக்காட்சிசாலை இயக்குநர்கள். அழிந்துபோன ஆரக்ஸை, பல இன வீட்டு மாடுகளைக் கலந்து மீண்டும் உருவாக்கப் போவதாக 1920-களில் கிளம்பினார்கள். கொம்பும் நிறமும் ஓரளவு ஒத்த ஒரு மாடு வந்தது. அதுதான் ஆரக்ஸ் என்று அறிவித்தார்கள். லுட்ஸ் ஹெக்கின் புரவலர், ஹிட்லர் ஆட்சியில் வனத்துக்கும் வேட்டைக்கும் தலைவராக இருந்த ஹெர்மன் கோரிங். பழங்காவியங்களில் வரும் ஆதிக் காட்டில் ஆதி மிருகங்களை வேட்டையாட வேண்டும் என்பது அவர் கனவு. அதற்குப் பொருத்தமான காடு போலந்தின் கிழக்கில் இருந்தது. பியாவோவியெஷா, ஐரோப்பாவில் எஞ்சியிருந்த பழம்பெரும் காடுகளில் ஒன்று.

1941 கோடையில் ஜெர்மன் படை அந்தக் காட்டைப் பிடித்தது. ஒரு போலீஸ் படைப்பிரிவு சுற்றியிருந்த கிராமங்களைக் காலி செய்தது. வீடுகளை எரித்தார்கள், ஆயிரக்கணக்கானவர்களைத் துரத்தினார்கள், யூதர்களைக் கொன்றார்கள். ஹெக்கின் மாடுகளை அந்தக் காட்டில் விட்டார்கள். சீசர் எழுத்தில் செய்ததை இவர்கள் துப்பாக்கியால் செய்தார்கள். மனிதர் இல்லாத, விசித்திர மிருகங்கள் மட்டும் உலவும் காடு ஒன்று தயாரிக்கப்பட்டது. மிருகமும் போலி, ஆளில்லாமையும் போலி.

இதே ஆண்டுகளில் இங்கிலாந்தில் பழைய ஆங்கிலம் கற்பித்துக்கொண்டிருந்த ஒரு பேராசிரியர் அதே வடக்கத்தியக் கதைகளில் ஊறிக்கிடந்தார். ஜே.ஆர்.ஆர். டோல்கியனின் 'தி ஹாபிட்' 1937-ல் வந்தது. அதில் வரும் மிர்க்வுட் காட்டின் பெயர் தன் கண்டுபிடிப்பு அல்ல, தொன்மையான பெயர் என்று அவரே பேரனுக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். ஆம், நமது பழைய மிரிக்விதுயிதான். ராட்சத சிலந்திகள், குடித்தால் மயங்கவைக்கும் கறுப்பு ஓடை, அருகில் போனால் அணைந்துவிடும் விருந்து விளக்குகள் என்று எல்லாம் உண்டு அங்கே. 1938-ல் அதை மொழிபெயர்க்க விரும்பிய ஜெர்மன் பதிப்பகம் ஒன்று, நீங்கள் ஆரிய வம்சமா என்று கேட்டு எழுதியது. ஆரியர் என்றால் இந்திய-ஈரானியர், என் முன்னோர் யாரும் இந்துஸ்தானியோ பாரசீகமோ பேசியதில்லை என்று கிண்டலாக ஒரு பதிலை எழுதிவைத்தார் டோல்கியன். 1941-ல் மகனுக்கு எழுதிய கடிதத்தில், தான் உயிராக நேசித்த வடக்கத்திய மரபை நாசமாக்கியதற்காக ஹிட்லர்மேல் தனக்குத் தனிப்பட்ட வன்மமே இருக்கிறது என்றார்.

அதே பழங்கதைக் காட்டை வைத்து டோல்கியன் என்ன செய்தார் என்று பார்த்தால்தான் அந்தக் கோபம் புரியும். அவருடைய மிர்க்வுட் பிறப்பிலேயே இருண்டதல்ல. முன்பு அதன் பெயர் பெரும் பசுங்காடு. ஒரு தீய ஆற்றல் அதன் தெற்கில் வந்து கோட்டை கட்டிய பிறகுதான் சிலந்திகளும் இருளும் வந்தன. அதாவது காட்டின் மாயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது, காரணம் இருக்கிறது. அந்த ஆற்றல் ஒழிந்ததும் அதற்குப் பசிய இலைகளின் காடு என்று பெயர் மாற்றுகிறார்கள். 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நாவலில் ஃபேங்கார்ன் என்ற காடு. அங்கே இருக்கும் விசித்திர உயிர்களான என்ட்கள் மரங்களை மேய்ப்பவர்கள். வெளியாட்களைப் பயமுறுத்துவது அவர்கள் வேலையல்ல. உலைக்காகத் தங்கள் மரங்களை வெட்டியவனின் கோட்டையை நோக்கி ஒருநாள் நடக்கத் தொடங்குகிறார்கள். ஃப்ரைபர்க்கின் உலைகளை அறிந்த மண்ணில் இப்படி நடக்கவில்லை. கதையிலாவது நடந்தது.

நான் பெரிதாக நினைப்பது இவை இரண்டையும்விட ஒரு சின்னப் பகுதியை. ரோஹான் நாட்டுப் படை போருக்குப் போகும் வழியில் ட்ரூவடான் என்ற காட்டைக் கடக்க வேண்டும். அங்கே ஆதிகுடிகள் வாழ்கிறார்கள். குள்ளமான, புல் ஆடை உடுத்தவர்கள், காட்டு மனிதர்கள் என்று மற்றவர்கள் இகழ்பவர்கள். அவர்களுடைய தலைவன் கான்-புரி-கான் மன்னனுக்கு மறந்துபோன பழைய பாதையைக் காட்டுகிறான். பதிலுக்கு அவன் பொன் கேட்கவில்லை. எங்களைக் காட்டில் விட்டுவிடுங்கள், இனி மிருகம்போல எங்களை வேட்டையாடாதீர்கள் என்று மட்டும் கேட்கிறான். போர் முடிந்து புதிய அரசன் அந்தக் காட்டை என்றென்றைக்கும் அந்த மக்களுக்கே கொடுத்து, அவர்கள் அனுமதியின்றி யாரும் நுழையக்கூடாது என்று அறிவிக்கிறான். சினிமாவில் இந்தப் பகுதி இல்லை. நாவலைப் படிக்கிற பலரும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இது, மிகுபுனைவு இலக்கியம் தன் பாட்டன் செய்ததற்குச் செலுத்திய சிறிய ஈடாகத் தோன்றுகிறது. உள்ளே ஆள் இருந்தார்கள், பாதை அவர்களுக்குத்தான் தெரிந்திருந்தது.

*

இப்போது ஊருஸின் கதை. சொல்கிறேன் என்று நிறுத்திவைத்தது.

சீசர் அது பழகவே பழகாது என்றார். அவர் எழுதுவதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் முன்பே அதன் கிளைகளை மேற்காசியாவிலும், தனியாகச் சிந்துவெளிப் பக்கமும் மனிதர்கள் பழக்கிவிட்டார்கள். அவர் படைக்குப் பொதி இழுத்த மாடு அதன் வாரிசு. நம் காங்கேயம் காளை இந்தியக் காட்டு ஆரக்ஸின் வாரிசு.

காட்டில் இருந்தவை ஒவ்வொரு நாடாக அற்றுப்போய், கடைசி மந்தை போலந்தில் யாக்டோருஃப் என்ற ஊரின் காட்டில் மிஞ்சியது. அது அரசனின் காடு, ஆனால் ஆளில்லாத காடு அல்ல. ஊர்க்காரர்களுக்கு ஓர் ஒப்பந்தம் இருந்தது. ஆரக்ஸ்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பனிக்காலத்தில் வைக்கோல் போட வேண்டும். பதிலுக்கு வரிச்சலுகை. 1564-ல் அரசு ஆய்வாளர்கள் வந்து எண்ணியபோது 38 இருந்தன. பிறகு வெளி மாடுகள் காட்டில் மேயத் தொடங்கின. நோய் வந்தது. அரசர்களின் கவனம் வேறு பக்கம் போனது. 1599-ல் 24. 1602-ல் நான்கு. 1620-ல் கடைசிக் காளை செத்து, ஒரே ஒரு பசு மட்டும் நின்றது. வேலிக்கு இந்தப் பக்கம் வளர்ந்த பேரப்பிள்ளைகள் வந்து கிழவியின் புல்லை மேய்ந்த கதைதான் அது.

அந்தக் கடைசிக் காளையின் கொம்பு போலந்து அரசரிடம் போனது. பூண் கட்டி ஊதுகொம்பாக்கினார்கள். பிறகு போர்க்கொள்ளையாக ஸ்வீடனுக்குப் போய், இன்றும் ஸ்டாக்ஹோம் அரச ஆயுத அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீசர் விவரித்த வெள்ளிப்பூண் கொம்புகளின் வரிசையில் கடைசி அதுதான்.

எத்தனையோ பெருங்காடுகள் இருந்த ஐரோப்பாவில், வைக்கோல் போட ஆளும் அந்த ஆளுக்கு ஓர் உரிமையும் இருந்த காட்டில்தான் அந்த மிருகம் ஆகக் கடைசிவரை உயிரோடு இருந்தது. மூட்டில்லாத ஆல்சே பிழைத்துவிட்டது, போலந்திலும் ஸ்வீடனிலும் இன்றும் நன்றாகப் படுத்து எழுகிறது. கிட்டத்தட்டச் சரியாக விவரிக்கப்பட்ட ஊருஸ்தான் போய்விட்டது. அந்தக் கடைசிப் பசு துணையில்லாமல் இன்னும் ஏழு பனிக்காலம் இருந்தது. ஏழு வருஷமும் யாக்டோருஃபில் யாராவது ஒருவர் கையில் வைக்கோலோடு காட்டுக்குள் போய் வந்திருக்க வேண்டும். அவர் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.